களிமண் போக்கர் சில்லைக் கழுவுதல்: அழுக்கு எங்கே முடிகிறது, சில்லு எங்கே தொடங்குகிறது

போக்கர் என்ற சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டத் துண்டுகளே போக்கர் சில்லுகள். பலர் கைபட்டுப் பழகிய களிமண் போக்கர் சில்லுகளை வீட்டிலேயே கையால் சுத்தம் செய்வது கடினமான வேலையன்று. ஆனால், தொடங்குவதற்கு முன்பு ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். சில்லின்மேல் தெரிவனவற்றுள் வெளியிலிருந்து வந்து ஒட்டியது எது, சில்லின் உடலாகவே இருப்பது எது என்பதே அந்தக் கேள்வி. எவர்சில்வர் தட்டில் இந்தக் கேள்வி எழுவதில்லை. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் தட்டு தட்டாகவே இருக்கும், போவது அழுக்கு மட்டும்தான். களிமண் சில்லு அப்படிப்பட்டதன்று. அதைத் தேய்க்கத் தேய்க்க முதலில் அழுக்கு போகும், அதன் பிறகு சில்லும் சிறிது சிறிதாகப் போகத் தொடங்கும். எந்தத் தண்ணீர், எந்தச் சோப்பு, எந்த பிரஷ், எவ்வளவு நேரம் என்று பின்னால் வரும் விவரங்கள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

சென்னையில் இத்தகைய சில்லுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில்தான் வந்து சேர்கின்றன. 500 சில்லுகள் ஏறத்தாழ நாலரை கிலோ எடையிருக்கும் என்பதால், அவற்றைக் கொண்டுவருபவர் உங்கள்மீது உண்மையிலேயே அன்புள்ளவராக இருக்க வேண்டும். காசி செட்டித் தெருவிலும் இணையக் கடைகளிலும் ‘களிமண்’ என்று சொல்லி விற்கப்படுபவற்றுள் மிகப் பல களிமண் அல்ல. சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் வீடுகளும் இங்கு நிறைய உண்டு. ஆனால், பணம் வைக்காமல் ஆடுவதற்கும், பழைய அச்சுக் கலையின் மாதிரிகளாகச் சேர்த்து வைப்பதற்கும் இவற்றை விரும்புவோர் இருக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்கானது.

‘களிமண் சில்லு’ என்ற பெயரைக் கேட்டதும் பானையைப் போலச் சூளையில் சுட்டது என்று எண்ணிவிடக் கூடாது. இது சுட்ட மண் அன்று. களிமண்ணோடு சுண்ணக்கல் பொடி, மணல் போன்ற கனிமங்களும் நிறமிகளும் பிணைப்புப் பொருள்களும் சேர்ந்த ஒரு கலவையை வட்டமாக வெட்டி, உலோக அச்சுக்குள் வைத்து, வெப்பத்தோடு மிகுந்த அழுத்தம் கொடுத்து இறுக்கியே இதைச் செய்கிறார்கள். சூதாட்ட விடுதிகளில் வழங்கும் சில்லு பெரும்பாலும் 39 மில்லிமீட்டர் விட்டமும், சுமார் 3.3 மில்லிமீட்டர் தடிமனும், எட்டரை முதல் பத்து கிராம் வரை எடையும் உடையது. சூளையின் வெப்பம் படாததால் இதன் மேற்பரப்பு கண்ணாடியைப் போல இறுகி மூடிக்கொள்வதில்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. நிறமும் மேலே பூசப்பட்ட வண்ணம் அன்று, உடல் முழுவதிலும் கலந்திருப்பது. ஆகவே சிவப்புச் சில்லை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் சிவப்பு ஒட்டுவது இயல்பு. அது சாயம் போவதன்று, சில்லே நுண்ணிய தூளாகக் கரைந்து வருவது.

கையில் இருப்பது உண்மையிலேயே களிமண் சில்லா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் மற்ற வகைகளுக்கு இவ்வளவு கவனம் தேவையில்லை. பதினொன்றரை கிராம், பதிமூன்றரை கிராம் என்று எடையைப் பெருமையாக அச்சிட்டு விற்கப்படும் சில்லுகள் பெரும்பாலும் உள்ளே ஓர் உலோகத் தகடு வைத்து வார்த்த பிளாஸ்டிக். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் அவற்றுள் பல ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டாலும், ஒன்றோடொன்று மோதும்போது எழும் கூர்மையான ‘டக்’ ஒலி காட்டிக் கொடுத்துவிடும். உண்மையான களிமண் சில்லின் ஒலி மங்கலாகவும் அடங்கியும் இருக்கும். ‘செராமிக்’ என்ற பெயரில் வரும் மற்றொரு வகை பெயரளவில் மட்டுமே பீங்கான். அது உண்மையில் ஒருவகைப் பிசின், அதன் முகம் முழுவதும் விளிம்புவரை படம் அச்சிடப்பட்டிருக்கும். இந்த இரண்டு வகைகளையும் சோப்புத் தண்ணீரில் போட்டு அலசி எடுத்துத் துடைத்தால் போதுமானது.

களிமண் சில்லின் உறுப்புகளையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வோர் உறுப்பும் அழுக்கை ஒவ்வொரு விதமாக வாங்கிக்கொள்கிறது. விளிம்பில் வேறு நிறத்தில் தெரியும் பட்டைகள் மேலே ஒட்டியவை அல்ல; அந்த இடத்தில் உடலை வெட்டி எடுத்துவிட்டு வேறு நிறக் கலவையைச் செருகி அழுத்தியிருக்கிறார்கள். ஆதலால் அவை உரிந்து வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நடுவிலுள்ள வட்ட வில்லை அப்படியன்று. அது அச்சிட்ட காகிதம். அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், அந்தப் படலத்தில் நெசவைப் போன்ற நுண்ணிய குறுக்குக் கோடுகள். படலம் முழுமையாக இருக்கும்வரை காகிதத்துக்குத் தீங்கில்லை. ஓரத்தில் எங்கேனும் கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் காகிதத்தில் கறை கட்டும். அந்தக் கறையை எவராலும் எடுக்க முடியாது. சில பழைய சில்லுகளில் வில்லைக்குப் பதிலாகப் பொன்னிறப் பூச்சால் பொறித்த எழுத்துகள் இருக்கும். சூடான அச்சால் மேற்பரப்பில் பதிக்கப்பட்ட மிக மெல்லிய படலம் அது; சில்லின் உறுப்புகளிலேயே மிகவும் பலவீனமானது. வெறும் விரல் பட்டுத் தேய்ந்தே அது பாதி மறைந்திருப்பதைப் பழைய சில்லுகளில் காணலாம்.

வில்லையைச் சுற்றி ஓடும் வளையத்தில் அச்சின் அடையாளம் புடைப்பாகவோ பள்ளமாகவோ பதிந்திருக்கும். பால் எண்டி என்பவர் 1963-ல் லாஸ் வேகஸில் தொடங்கிய பால்சன் நிறுவனத்தின் சில்லுகளில் உயரமான தொப்பியும் கைத்தடியும் வரிசையாகத் தெரியும். அந்த நிறுவனம் 2002-ல் பிரான்சின் பூர்கோன்யே கிராசே நிறுவனத்தோடு இணைந்து, பின்னர் கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் எனப் பெயர் மாறியது. 2019-ல் ஜப்பானின் ஏஞ்சல் குழுமம் அதை வாங்கியது. சேகரிப்போர் நடுவே இந்தத் தொப்பி-கைத்தடி அச்சுக்குத் தனி மதிப்பு உண்டு. சுத்தம் செய்பவருக்கோ அது வேறொரு காரணத்தால் முக்கியம்: தொப்பியின் விளிம்புக்கும் கைத்தடியின் வளைவுக்கும் நடுவிலுள்ள சிறு இடுக்குகளில்தான் அழுக்கு மிக ஆழமாகவும் மிகக் கெட்டியாகவும் குடியிருக்கும். அந்த அடையாளத்தின் கூர்மையை மழுங்கச் செய்துவிட்டு அழுக்கை எடுத்தேன் என்று சொல்வதில் பொருளில்லை.

அழுக்கு என்று நாம் சொல்வது பல பொருள்களின் சேர்க்கை. மனிதத் தோலிலிருந்து சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் அதன் அடித்தளம். அதன்மேல் வியர்வையின் உப்பு, உதிர்ந்த தோலின் துகள், தூசி, மேசை விரிப்பின் நார், பழைய விடுதிகளாக இருந்தால் சிகரெட் புகையின் பழுப்புப் படிவு ஆகியவை ஒட்டுகின்றன. பசை இல்லையென்றால் மற்றவை தாமாகவே உதிர்ந்துவிடும். எனவே நாம் செய்ய வேண்டியது தூசியோடு மல்லுக்கட்டுவதன்று, பசையை இளக்குவதுதான். இதற்குச் சோப்பே போதும், உராய்வு அதிகம் வேண்டியதில்லை. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பற்றிக்கொள்வதால், பசை நுண்ணிய உருண்டைகளாகப் பிரிந்து தண்ணீரோடு வெளியேறுகிறது. அது இளகுவதற்குச் சில விநாடிகள் பொறுத்திருப்பது, இளகாத பசையை ஒரு நிமிடம் சுரண்டுவதைவிட மேலானது.

வேலையில் இறங்குமுன் ஓர் எச்சரிக்கை. முற்காலத்தில் செய்யப்பட்ட சில களிமண் சில்லுகளில் எடையைக் கூட்டுவதற்காக ஈயம் கலந்திருக்கிறார்கள். வெறுமனே கையில் வைத்து ஆடுவதால் பெரிய தீங்கு நேராது என்றாலும், அதைத் தேய்த்துத் தூளாக்குவதும் அந்தத் தூள் வாய்க்குள் போவதும் வேறு விஷயம். உங்கள் சில்லு எந்தக் காலத்தது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் ஈயம் உள்ளதாகவே கருதிக்கொள்வது நல்லது. சமையலறைத் தொட்டியில் கழுவாமல், இதற்கென்றே ஒதுக்கிய பிளாஸ்டிக் பேசினைக் குளியலறையிலோ கொல்லைப்புறத்திலோ வைத்துக் கழுவுங்கள். கையுறை அணியுங்கள். காய்ந்த சில்லை உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே கூடாது. உலர்ந்த பிரஷால் தூசி பறக்கத் தட்டுவதும் கூடாது. சிறு குழந்தைகளை உதவிக்கு அழைக்க வேண்டாம், அவர்கள் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும். பயன்படுத்திய பிரஷையும் துணியையும் வேறு வேலைக்கு எடுக்காமல், முடிந்ததும் குப்பையில் சேர்த்துவிடலாம்.

சென்னைக்காரர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். நகரின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினமானது. குழாய் முனையிலும் குளியலறைத் தரையிலும் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும் உப்புக் கறையே அதற்குச் சான்று. அந்தத் தண்ணீர் சில்லின் மேல் உலர்ந்தாலும் அதே கறைதான் படியும். வரிகளுக்குள் படிந்த வெண்மை, கறுப்புச் சில்லிலும் கருநீலச் சில்லிலும் பளிச்சென்று தெரிந்து, கழுவியதற்குப் பின்னால் சில்லு முன்பைவிட மோசமாகிவிட்டது என்ற எண்ணத்தை உண்டாக்கும். குளியல் சோப்பைப் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் கெடும். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு வெண்படிவை உண்டாக்குகின்றன. நம் பக்கெட்டின் ஓரத்தில் வழுவழுப்பாகப் படிவது அதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தில் இருப்பது சோப்பு அன்று, செயற்கைச் சலவைப் பொருள். அது கடின நீரிலும் அப்படித் திரிவதில்லை. எனவே பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள், கழுவுவதற்கு மெட்ரோ தண்ணீர், கடைசியாக அலசுவதற்கு மட்டும் கேன் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் செலவும் அதிகமாகாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் பசை எளிதாக இளகும். கொதிக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், சூட்டில் சில்லு வளைந்துவிடும்.

நம் வீடுகளில் துலக்குவதற்குக் கைவசம் உள்ள பொருள்கள் ஏறக்குறைய அனைத்தும் இந்த வேலைக்கு ஆகாதவை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவை பித்தளையின் களிம்பை எடுப்பது அவற்றிலுள்ள அமிலத்தால். சுண்ணக்கல் பொடி சேர்ந்த சில்லில் அதே அமிலம் உடலையே அரிக்கும். சாம்பலும், பாத்திரம் தேய்க்கும் கட்டியும், பல்பொடியும் உராய்வால் வேலை செய்பவை. தேங்காய் நாரையும் பச்சை நிற ஸ்கிரப்பரையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. துணி துவைக்கும் பொடி காரத்தன்மை மிக்கது. பிளீச்சிங் பவுடர் நிறமியைத் தாக்கும். நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் தன்மையுள்ளது. நடு வில்லையின் படலம் அதற்குத் தாங்காது. கை சுத்திகரிப்பான் வடிவில் எல்லா வீட்டிலும் இருக்கும் ஆல்கஹாலும் வில்லையின் மையைக் கலைக்கக் கூடும். தண்ணீர் தொட்டாலே கறையை எடுத்துவிடுகிறது என்று புகழப்படும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சு பலரை ஏமாற்றுகிறது. தொடுவதற்கு மென்மையாக இருந்தாலும் அது உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். கறையோடு வில்லையின் குறுக்குக் கோடுகளையும் வழித்துப் பளபளப்பாக்கிவிடும், பொன்னெழுத்தைத் துடைத்தே விடும். நகைக் கடைகளில் பார்க்கும் மீயொலிக் கழுவியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது இடுக்குகளில் நன்றாக வேலை செய்யும் என்பது உண்மையே. ஆனால் ஓரம் தளர்ந்த வில்லையை அது மேலும் தளர்த்தக் கூடும் என்பதால், தொடக்க நிலையில் இருப்பவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

செய்முறை எளியது. சேர்த்துவைத்தவற்றுள் மிக மதிப்புக் குறைந்த, ஏற்கெனவே விளிம்பு மழுங்கிய ஒரு சில்லை எடுத்து முதலில் அதில் மட்டும் சோதித்துப் பாருங்கள். அது முழுவதும் காய்ந்து, மறுநாள் வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தியான பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் இருபது சில்லுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில்லு அடுக்கும் தட்டில் ஒரு வரிசைக்கு இருபதுதான் கொள்ளும் என்பது ஒரு வசதி. இருபதுக்கு மேல் போனால் கை சலித்து அழுத்தம் தானாகவே கூடிவிடும் என்பது அதைவிட முக்கியமான காரணம். பேசினில் உள்ள சோப்புத் தண்ணீரில் (பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறேன்) சில்லுகளைக் கொட்டி ஊறவைக்கும் பழக்கம் வேண்டாம். ஊறினால் வில்லையின் கிழிந்த ஓரங்களில் தண்ணீர் இறங்கும், நுண்துளைகளும் நிறையத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக எடுத்து, நனைத்து, உள்ளங்கையில் வைத்து, ‘சாஃப்ட்’ என்று குறிப்பிட்ட டூத் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு, எழுதும் பேனாவைப் பிடிப்பதுபோல் லேசாகப் பிடித்துச் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். பிரஷின் முடிகள் வளைந்து படுத்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். முடியின் நுனி மட்டும் பட வேண்டும். முதலில் வில்லை, அடுத்து அச்சு வளையம், கடைசியாக விளிம்பு. விளிம்பின் கூர்மை ஒருமுறை மழுங்கினால் மழுங்கியதுதான் என்பதால், முகத்துக்கும் பக்கத்துக்கும் இடையிலுள்ள மூலையில் பிரஷைக் குறுக்காக ஓட்டாமல் பக்கவாட்டில் சுற்றியே துடைக்க வேண்டும். அச்சு இடுக்குகளில் அழுக்கு பிடிவாதமாக இருந்தால், ஊசியால் தோண்டாமல், மரப் பற்குச்சியின் நுனியைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக நெருடிப் பார்க்கலாம். ஒரு சில்லுக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். பிறகு அலசி, உடனே துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் புதியவர்களுக்குக் குழப்பமான இடம். இதற்கு நல்ல அளவுகோல் வெள்ளைத் துணி. பழைய பனியன் துணியை நனைத்து, தேய்த்து முடித்த முகத்தின்மேல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறமோ பழுப்போ வந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. சிவப்புச் சில்லில் சிவப்பும் பச்சைச் சில்லில் பச்சையும் தெளிவாக வரத் தொடங்கிவிட்டால் அழுக்கு முடிந்து உடல் தொடங்கிவிட்டது. அதற்குமேல் ஒரு தேய்ப்புகூட வேண்டாம். கறுப்பு, சாம்பல், பழுப்பு நிறச் சில்லுகளில் இந்தச் சோதனை கைகொடுக்காது, ஏனென்றால் அவற்றின் உடலும் அழுக்கும் துணியில் ஒரே நிறத்தைத்தான் காட்டும். அவற்றில் விளிம்புப் பட்டைகளைக் கவனிக்க வேண்டும். கறுப்பு உடலில் செருகிய மஞ்சளோ வெள்ளையோ தன் இயல்பான நிறத்துக்குத் திரும்பிவிட்டால், பக்கத்திலுள்ள கறுப்பும் திரும்பிவிட்டதென்று கொள்ளலாம். பட்டையே இல்லாத ஒரே நிறச் சில்லாக இருந்தால், உலர்ந்த பிறகு விரலால் தொட்டுப் பாருங்கள். பசை உள்ள சில்லு வழுக்கும், கழுவிய சில்லு சுண்ணாம்பு பட்டதுபோல் சற்றுச் சொரசொரப்பாக விரலைப் பிடிக்கும்.

வெள்ளைச் சில்லுகள் பழுத்திருந்தால் அவை மீண்டும் பால்நிறமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புகையும் பசையும் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்ட பழுப்பு, மேற்பரப்பைக் கழுவுவதால் வராது. அதை எடுக்க வேண்டுமென்றால் உடலை அந்த ஆழத்துக்குச் சுரண்ட வேண்டியிருக்கும். பழுப்பை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. சிறிது பழுப்பேறிய வெள்ளை, சுரண்டிய வெள்ளையைவிட எனக்கு அழகாகவே தெரிகிறது. விளிம்பில் சிறு கடிபோல் உடைந்த இடங்களும், தேய்ந்துபோன பொன்னெழுத்தும், வளைந்த சில்லும்கூடக் கழுவுவதால் சரியாகக் கூடியவை அல்ல. விலைச் சீட்டின் பசை ஒட்டியிருந்தால் மட்டும் வேறு வழி உண்டு: மருந்துக் கடையில் ‘லிக்விட் பாரஃபின்’ என்று கிடைக்கும் பாரஃபின் எண்ணெயை விரலில் சிறிது தொட்டு அதன்மேல் தேய்த்து, சற்று நேரம் விட்டு, பசை இளகியதும் துணியால் உருட்டி எடுத்துவிட்டு, பிறகு வழக்கம்போல் கழுவலாம்.

உலர்த்துவதில் சென்னையின் இரு பருவங்கள் இருவகையில் தொல்லை தருகின்றன. அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் பரப்பிவிட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமே என்று தோன்றும். அந்தச் சூட்டில் சில்லு வளைவதும் வில்லையின் மை வெளிறுவதும் நேரலாம். மின்விசிறிக்கு அடியில், நிழலில், பருத்தித் துவாலையின்மேல் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, இரண்டொரு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவதே முறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால், மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அப்போது இரவு முழுவதும் விட்டு, மறுநாளும் விட்டு, அதன்பிறகே அடுக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கிய சில்லுகள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும். பொதுவாக மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் தை, மாசிக்குத் தள்ளிவைப்பது புத்திசாலித்தனம்.

நன்றாகக் காய்ந்த சில்லைப் பார்த்ததும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அழுக்கு போய்விட்டது, ஆனால் நிறமும் மங்கி, மேலே வெண்மையான மூட்டம் படர்ந்ததுபோல் தெரியும். இது சோப்பின் மிச்சமாக இருக்க வேண்டியதில்லை. மேற்பரப்பின் நுண்துளைகளில் இப்போது எண்ணெய்ப் பசைக்குப் பதிலாகக் காற்று நிறைந்திருக்கிறது. ஒளி காற்றிலிருந்து கனிமத் துகளுக்குள் நுழையும் ஒவ்வோர் இடத்திலும் அதன் ஒரு பகுதி சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் வெண்மையாகத் தெரிகிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, களிமண் வகைக் கனிமங்களுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால் சிதறலும் மிகுதி. பாரஃபின் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47, அது துளைகளை நிரப்பினால் இடைவெளி ஏறக்குறைய மறைந்து, சிதறல் குறைந்து, உள்ளிருக்கும் நிறம் ஆழமாகத் தெரியும். சேகரிப்போர் கழுவிய சில்லுக்கு எண்ணெய் தடவுவது இதற்காகத்தான். எண்ணெய் நிறத்தைச் சேர்ப்பதில்லை, இருக்கும் நிறத்தைப் பார்க்கவிடுகிறது.

இந்த இடத்தில் கை தானாகத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போகும். அது வேண்டாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் சிக்கு நாற்றம் அடித்துப் பிசுபிசுப்பாகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு விரைவில் கெடாது என்றாலும், சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும்; மார்கழி விடியலிலும் ஏ.சி. அறையிலும் சில்லின் வரிகளுக்குள் அது வெள்ளையாகக் கட்டி நிற்பது நாம் நீக்க வந்த வெண்மையையே திருப்பித் தரும். மருந்துக் கடையில் ‘லிக்விட் பாரஃபின்’ என்று கேட்டால் கிடைக்கும் நிறமற்ற, மணமற்ற எண்ணெயே ஏற்றது. குழந்தைகளுக்கான பேபி ஆயிலிலும் முக்கியப் பொருள் பெரும்பாலும் இதுதான். அதில் நறுமணம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

ஒரு துணியில் இரண்டு சொட்டு விட்டு, அதைத் துணியிலேயே கசக்கிப் பரப்பி, சில்லின் இரு முகங்களிலும் விளிம்பிலும் மெல்லிதாகத் துடைத்தால் போதும். அந்த ஒரே துணி பல சில்லுகளுக்குத் தாங்கும். பிறகு டிஷ்யூ காகிதத்தின்மேல் ஒரு நாள் விட்டுவிட்டு, துளைகளுக்குள் போகாமல் மேலே நின்ற எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அப்படித் துடைக்காவிட்டால் நகரத்துத் தூசி முழுவதும் அதில் வந்து ஒட்டும், சில்லுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், சீட்டுக் கட்டும் பாழாகும். வில்லையின் ஓரம் கிழிந்த சில்லுகளுக்கு அந்த ஓரத்தில் எண்ணெய் படக் கூடாது. தண்ணீரைப் போலவே எண்ணெயும் காகிதத்தில் இறங்கும், தண்ணீரைப் போல அது வெளியேறாது. கழுவாத சில்லுக்கு எண்ணெய் தடவுவதால் பயனில்லை. அழுக்கும் அதோடு சேர்ந்து கறுத்து இன்னும் ஆழமாக இறங்கிவிடும். எண்ணெய் தடவாமல் அந்தச் சுண்ணாம்பு மூட்டத்தையே விரும்புவோரும் உண்டு. அவர்களுக்குச் சில்லின் சொரசொரப்பு கையில் தெரிய வேண்டும். அடுக்கும்போது வழுக்காமல் நிற்க வேண்டும். ஆடுவதற்கென்று வைத்திருப்பவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கானால் எண்ணெய் தடவலாம்.

அடுக்கி வைக்கும் இடம் சுவரை ஒட்டியதாக இருக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஓதம் இறங்கும் சுவரருகில் மரப்பெட்டியில் வைத்த சில்லுகளுக்குப் பூஞ்சணம் வருவது எளிது. சில்லின்மேல் திட்டுத் திட்டாக வெண்மை தெரிந்தால் அது பூஞ்சணமா, முன்பு சொன்ன மூட்டமா என்பதை முகர்ந்தே அறியலாம். பூஞ்சணத்துக்கு ஈர வாடை உண்டு; துடைத்தால் இழுபட்டு வரும். மூட்டத்துக்கு வாடையில்லை, நனைத்தால் மறைந்து காய்ந்தால் திரும்ப வரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைக்கலாம். துணி அலமாரியில் போடும் அந்துருண்டையைப் போட வேண்டாம். அந்த நாஃப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக் வகைகளை இளக்கும் என்பதால், சில்லு அடுக்கும் தட்டும் வில்லையின் படலமும் அதற்கு இரையாக வேண்டியதில்லை. ஆட உட்காருமுன் எல்லோரும் கை கழுவி, பஜ்ஜித் தட்டை வேறு மேசைக்கு மாற்றிவிட்டால், அடுத்த முறை பிரஷும் பேசினும் தேவைப்படாது, உலர்ந்த பனியன் துணியே போதும்.